விளையாட்டும் மெய்ப்பாடும்

முகவுரை

கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியரிடம் வேறு எதனைக் கேட்பது? ஆயினும், மேல்வகுப்புகளில் நாம் கற்பித்துவரும் பகுதியொன்று உண்மையிற் பாலர் வகுப்பிலேயே தொடங்கப்படவேண்டியது என்னும் எண்ணம் பல ஆண்டுகளாக எம் உள்ளத்தில் இருந்து வருகின்றது. அப்பகுதி மெய்ப்பாடு. சிறு பிள்ளைகள் தம் உள்ளத்தில் எழும் மனவெழுச்சிகளை இன்னவென அறிந்துகொள்ளவும், அவற்றைத் தக்கவாறு வெளியிடவும் விளையாட்டின் வழியாகப் பயிற்றும் முறையினையே இங்கு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

எமது தவறு ஒன்றைக் கூறித் தொடங்குதலே நேர்மையாகும். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வெளிவந்த புதிதில், 2004 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிற்றூர்ப் பாடசாலை ஒன்றில் முதலாந் தரத்துப் பிள்ளைகளை எம்மிடம் ஒப்படைத்தனர். முதல் நாள், தாயின் கையை விட்ட சிறுவன் ஒருவன் வகுப்பறைத் தூணைக் கட்டிக்கொண்டு உரத்து அழுதான். மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கிவிடுவரோ என அஞ்சிய நாம், "ஆம்பிளைப் பிள்ளை அழுறதே? வாயை மூடு" என்று அதட்டினோம். அவன் உடனே அழுகையை நிறுத்தினான். வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணி நாம் இடாப்பைத் திறந்தோம்.

அன்று நின்றது அழுகை மட்டுமன்று, பேச்சும் நின்றது. அத்தவணை முழுவதும் அச்சிறுவன் எம்மோடு ஒரு சொல்லும் பேசினானல்லன். பெயர் கூப்பிட்டாற் கையை மட்டும் உயர்த்துவான். எழுத்துகளை அழகாக எழுதுவான். வாசிக்கச் சொன்னால் உதடுகளை இறுக மூடிக்கொள்வான். காரணம் எதுவுமின்றிப் பக்கத்திலிருக்கும் பிள்ளையைக் கிள்ளிவிடுவான். பிடிவாதக்காரன் என்றே நாம் தீர்மானித்திருந்தோம்.

இரண்டாந் தவணையில் ஒருநாள், இடைவேளையின்போது, வேப்பமரத்தின்கீழ்ப் பிள்ளைகள் சிலர் சிரட்டைகளைப் பரப்பிக் கடை நடத்திக்கொண்டிருந்தனர். அவன் சிரட்டை ஒன்றைக் கையிலெடுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் அழேல்லை. எப்ப வாறியள்?" என்றான். பாடசாலை தொடங்கிய அதே மாதத்தில் அவன் தந்தையார் தொழிலின் பொருட்டு வெளிநாடு சென்றிருந்தார் என்பதைத் தாயாரிடம் விசாரித்தபோதே அறிந்தோம். இவ்விவரத்தை நாம் முதல் நாளே கேட்டிருக்கலாம், கேட்டோமில்லை.

அப்பிள்ளை தன் துயரை எமக்குச் சொல்லவில்லை; சிரட்டைக்குச் சொல்லிற்று. ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்னும் வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மெய்ப்பாடு என்னும் பழஞ்சொல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். சிறுப்பிட்டி தந்த பெருமகனார் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885 இற் பொருளதிகாரத்தை அச்சேற்றியமை இந்நாட்டவர்க்குப் பெருமை தருவதொன்று. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியே பிறர்க்குப் புலனாதலையே மெய்ப்பாடு என்பர். சிரிப்பாகிய நகை, அழுகை, இழிவுணர்ச்சியாகிய இளிவரல், வியப்பாகிய மருட்கை, அச்சம், பெருமிதம், சினமாகிய வெகுளி, மகிழ்ச்சியாகிய உவகை என எட்டு வகைப்படும் மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்று அவ்வியல் கூறும். இவ்வாறு முப்பத்திரண்டு நிலைக்களன்கள் ஆகின்றன.

மேல்வகுப்பு மாணவர் இவற்றை வரிசை பிறழாது மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கண்முன் நிறுத்திக்கொண்டு அவற்றை மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். அழுகைக்கு நிலைக்களனாவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறர் இகழ்ந்தால் அழும் பிள்ளையை நாம் அறிவோம், அது இளிவு. பென்சிலைத் தொலைத்தாலும் பாட்டியைப் பறிகொடுத்தாலும் அழும்; அது இழவு. அசைவு என்பது முன்னிருந்த நல்ல நிலை குலைந்து வருந்துதல். வீட்டிலே தம்பியோ தங்கையோ பிறந்தவுடன், அதுவரை தாயின் மடியிலிருந்த மூத்த பிள்ளை பாடசாலையிற் சிணுங்குவதற்கு இதனினும் பொருத்தமான பெயர் எதுவுமில்லை. வறுமையால் எழும் அழுகையை விளக்கவேண்டுவதில்லை. மதிய உணவின்றி வரும் பிள்ளையின் முகம் அதனைச் சொல்லும்.

அச்சத்துக்கு அணங்கும் விலங்கும் கள்வரும் தம் இறையும் நிலைக்களன்களாகக் கூறப்பட்டுள்ளன. பேய், நாய், கள்ளன் என்னும் மூன்றும் பாலர் நாள்தோறும் பேசுவன. நான்காவதாகிய இறை என்பது தம்மேல் அதிகாரமுடையாரைக் குறிக்கும். பாலர் வகுப்பில் அவ்விடத்தில் அமர்ந்திருப்பவர் ஆசிரியரேயாவர். பேயோடும் விலங்கோடும் கள்வரோடும் ஒரே வரிசையில் நாமும் இருக்கின்றோம் என்பதை நினைந்து பிரம்பைத் தொடுதல் நன்று. உவகைக்கு நிலைக்களன்களோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. மகிழ்ச்சி பிறக்கும் இடங்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பியர் எண்ணிவைத்தமை கருதத்தக்கது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டினைச் செய்யுளுக்கு உரியதாகவே வைத்தார். குழந்தை உளநூல் எழுதினாரல்லர். எனினும் உணர்ச்சிக்குப் பெயர் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, உடம்பில் அடையாளம் உண்டு என்னும் மூன்றையும் அவர் ஒருங்கே வைத்து நோக்கினார். மேலைநாட்டிற் சார்ல்ஸ் டார்வின், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியைப் புலப்படுத்துமாற்றை ஆராய்ந்து 1872 இல் தனிநூல் ஒன்று வெளியிட்டார். இன்று பாலர்க்கு மனவெழுச்சிக் கல்வி அளிப்போரும் பெயர், காரணம், அடையாளம் என்னும் இம்மூன்றையே கற்பிக்கின்றனர். வள்ளுவரோ குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரிற் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தார். அமைச்சர்க்கும் காதலர்க்கும் வேண்டப்படும் அவ்வாற்றல் பாலர் ஆசிரியர்க்கு வேண்டாததன்று.

விளையாட்டினால் ஆவது யாது?

மனவெழுச்சியை ஏன் நேரே பாடமாகச் சொல்லிக் கொடுத்தலாகாது? "கோபங்கொள்ளாதே, பொறுமையாயிரு" என்று கரும்பலகையில் எழுதினாற் போதாதா? போதாது. சினந்திருக்கும் பிள்ளைக்கு அறிவுரை செவியேறுவதில்லை. அமைதியாயிருக்கும் பிள்ளைக்கோ அச்சினம் எத்தகையது என்பது நினைவில் இல்லை. உணர்ச்சி உண்டாகவும் வேண்டும். அதே வேளையில் அதனாற் கேடு விளையாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையுமிடம் விளையாட்டு.

சிக்மண்ட் புரொய்ட் 1920 இல் வெளியிட்ட நூலொன்றில், ஒன்றரை வயதுக் குழந்தையின் விளையாட்டொன்றை விவரித்துள்ளார். தாய் வெளியே செல்லும்போது அக்குழந்தை அழுவதில்லை. ஆனால் நூல் கட்டிய மரவுருளை ஒன்றைத் தன் கட்டிலின் விளிம்புக்கு அப்பால் எறிந்து, அது மறைந்ததும் போய்விட்டது என்னும் பொருள்பட ஒலியெழுப்பும். பின்னர் நூலை இழுத்து, உருளை வெளிப்பட்டதும் மகிழ்ச்சியோடு வரவேற்கும். தாய் போவதையும் வருவதையும் குழந்தையால் ஆளமுடியாது. உருளை போவதையும் வருவதையும் ஆளமுடியும். தன்மேல் வந்து விழுந்த துன்பத்தைத் தானே நிகழ்த்துவதாக மாற்றிக்கொண்டமையால் அக்குழந்தை தாங்கும் வலிமை பெற்றது என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. இப்பகுதியைப் படித்த அன்றே எமக்குச் சிரட்டையின் பொருள் விளங்கிற்று. வெளிநாட்டிலிருந்து தந்தை எப்போது பேசுவார் என்பது சிறுவன் கையில் இல்லை. சிரட்டையை எப்போது எடுப்பது என்பது அவன் கையில் இருந்தது.

உருசிய அறிஞர் விகொட்ஸ்கி 1933 இல் நிகழ்த்திய விரிவுரை ஒன்றில் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். நோயாளியாக நடிக்கும் பிள்ளை நோயாளி என்னும் நிலையில் அழுகின்றது; அதே வேளையில் விளையாடுபவன் என்னும் நிலையில் மகிழ்கின்றது. எமது நாட்டுக்கூத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அரிச்சந்திரன் மயானத்திற் புலம்பும்போது அண்ணாவியாரும் கண்ணீர் விடுவார். எனினும் தாளம் தவறவிடார். உணர்ச்சிக்குள் நின்றுகொண்டே அதனைப் புறத்தே நின்றும் காணும் பயிற்சியைப் பாலர்க்கு அளிப்பது பாவனை விளையாட்டு. விளையாட்டின் விதிக்குத் தானே கட்டுப்படும்போது பிள்ளை தன்னை அடக்கவும் பழகுகின்றது என்பதும் அவர் கருத்து. கிளித்தட்டில் கோட்டை மிதித்தவன் வாதாடாமல் வெளியேறக் கற்றுக்கொள்வது இவ்வாறே.

பெயரிடுதலின் பயனும் சிறிதன்று. அஞ்சிய முகத்தைப் பார்த்து "இது அச்சம்" என்று சொல்லாற் குறிக்கும்போது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் கிளர்ச்சி தணிவதை 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பேயின் பெயரைச் சொல்லிவிட்டாற் பாதிப் பயம் போய்விடும் என்று எம் ஆச்சிமார் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

வயதும் வளர்ச்சியும்

எவ்வயதிற்கு எது இயலும் என்பதை அறியாது பயிற்றுவது, பல் முளைக்காத பிள்ளைக்கு முறுக்குக் கொடுப்பது போலாகும். மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1932 இல், பாலர் தனித்து விளையாடுதல், பிறர் விளையாட்டைப் பார்த்திருத்தல், அருகருகே இருந்து தத்தம் விளையாட்டை விளையாடுதல், கலந்து விளையாடுதல், கூடி ஒரே நோக்குடன் விளையாடுதல் முதலிய படிகளை வகுத்துக் காட்டினார். இரண்டு மூன்று வயதினர் பெரும்பாலும் அருகருகே இருந்து விளையாடுவர். அவர்களிடம் விட்டுக்கொடுத்தலை மிகுதியாக எதிர்பார்த்தல் தகாது.

முகக்குறிப்புகளுட் பிள்ளைகள் முதலில் இனங்காண்பது மகிழ்ச்சியை. அடுத்துத் துயரும் சினமும் புலப்படும். அச்சத்தையும் வியப்பையும் நெடுங்காலம் ஒன்றோடொன்று மயங்குவர். இரண்டிலும் கண்கள் அகல விரிதலே காரணமாம். ஏறத்தாழ நான்கு வயதில், தான் அறிந்ததை மற்றவர் அறியாதிருக்கலாம் என்பது விளங்கத் தொடங்கும். ஆறு வயதளவில், உள்ளே ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக இருத்தல் கூடும் என்பதை உணர்வர். ஒரே வேளையில் இரண்டு உணர்ச்சிகள் உண்டாதல் கூடும் என்பது அதற்கும் பின்னரே தெளிவாகும். மாமா வந்ததில் மகிழ்ச்சி, நாளை போய்விடுவாரே என்று கவலை: இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லும்படி முதலாந் தரத்துப் பிள்ளையை வற்புறுத்துதல் வேண்டாம்.

சொற்களைப் பொறுத்தும் ஒரு விதி உண்டு. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் கோவம், பயம், வெக்கம், கவலை, ஏக்கம் என்னும் சொற்களையே முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். "வெக்கமன்று, நாணம் எனச் சொல்" என்று திருத்தினால், பிள்ளை சொல்லைக் கற்றுக்கொள்ளும். உணர்ச்சியைச் சொல்லாது விட்டுவிடும். இலக்கிய வழக்கு நான்காந் தரம் வரை காத்திருக்கலாம். தமிழாசிரியர் ஒருவர் இதனைச் சொல்வது சிலர்க்கு வியப்பாகலாம், பட்டறிந்தே சொல்கின்றோம்.

வகுப்பறைக்கு ஏற்ற ஐந்து விளையாட்டுகள்

நாம் கையாண்டு பயன்கண்ட ஐந்தினை இங்குத் தருகின்றோம். இவற்றுக்குப் பணச்செலவு இல்லை. பத்துப் பதினைந்து நிமிடமே போதும்.

ஒன்று, கண்ணாடி விளையாட்டு. பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே நிற்பர். ஒருவர் முகத்தில் ஓர் உணர்ச்சியைக் காட்ட, மற்றவர் கண்ணாடி போல் அப்படியே காட்டவேண்டும். பின்னர்ப் பெயர் சொல்லவேண்டும். பெயர் பிழைத்தால் "பிழை" எனல் ஆகாது, "எப்போது உனக்கு அப்படி முகம் வரும்?" என்று கேட்டாற் போதும். பெயரும் அடையாளமும் காரணமும் இதில் ஒருங்கே வந்துவிடுகின்றன.

இரண்டு, சிறுபறை. பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஒன்றன் பெயரையே இதற்கு இட்டுள்ளோம். வெறுந் தகரப்பேணி ஒன்றைத் தட்டுதல் வேண்டும். மெல்லத் தட்டினாற் கவலையுள்ளவர் போல் நடத்தல். விரைந்து தட்டினாற் சினந்தவர் போல் நடத்தல். துள்ளலாகத் தட்டினால் மகிழ்ந்தவர் போல் ஆடுதல். ஓசை நின்றதும் எல்லோரும் சிலை போல் நின்று மூன்று முறை மூச்செடுத்து விடுதல். சினத்தோடு நடந்துகொண்டிருக்கும்போதே நிற்கப் பழகுதலே இவ்விளையாட்டின் உயிர். சில கிழமைகளின் பின், உண்மையாகவே சண்டை தொடங்கும் வேளையிற் பேணியை ஒருமுறை தட்டினாற் பிள்ளைகள் நின்று மூச்செடுப்பதைக் கண்டிருக்கின்றோம்.

மூன்று, பாவைப்பிள்ளை. பழந்துணியாற் செய்த பாவை ஒன்று வகுப்பில் நிரந்தர மாணவனாக இருக்கும். "இன்று பாவைப்பிள்ளை ஒரு மூலையில் இருக்கிறது. என்ன நடந்திருக்கும்?" என்று ஆசிரியர் தொடங்கிவைப்பார். பிள்ளைகள் காரணம் சொல்வர்; தேற்றும் வழியும் சொல்வர். தன்னைப் பற்றிச் சொல்லக் கூசும் பிள்ளை பாவையைப் பற்றித் தாராளமாகச் சொல்லும்.

நான்கு, சிற்றில். சிறுமியர் மணலிற் கட்டிய சிறுவீட்டைச் சிறுவன் காலாற் சிதைக்க வருவதும், அவர்கள் சிதைக்கவேண்டாம் என்று இரப்பதும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவம். புலவர்கள் இதனைக் குறும்பாகப் பாடினர். மணல் வீடு கட்டியவர்க்கோ அது பெருந்துயர். மணற்றிடலில் இருவர் வீடு கட்ட, மூன்றாமவர் சொல்லிவைத்தபடி அதனைச் சிதைப்பார். கட்டியவர்கள் தம் உணர்ச்சியையும் வேண்டுகோளையும் சொல்லவேண்டும்: "எனக்குக் கோவமாக்கிடக்கு. நீயும் எங்களோடை கட்டு." பின்னர் மூவரும் சேர்ந்து மீண்டும் கட்டுவர். அடுத்த முறை சிதைத்தவர் கட்டுபவராக மாறுவார். கையை ஓங்காமற் சினத்தைச் சொல்லும் பழக்கம் இதனால் உண்டாகின்றது.

ஐந்து, வெருளி. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடிய பாடலை நம்மவருள் அறியாதார் இலர். பிள்ளைகள் வைக்கோலும் பழஞ்சட்டையும் கொண்டு தாமே வெருளி ஒன்று செய்வர். தாம் அஞ்சும் பொருளை ஒவ்வொருவரும் அதன் காதிற் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். தன் கையாற் செய்த வெருளியைக் கண்டு எப்பிள்ளையும் அஞ்சுவதில்லை. அச்சம் தரும் பொருள்களிற் சில வெறும் வைக்கோலாகவும் இருக்கலாம் என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றனர்.

ஆசிரியர் கருத்திற் கொள்ளவேண்டுவன

முதலாவது, உணர்ச்சிகள் அனைத்தும் ஏற்கப்படலாம். செயல்கள் அனைத்தும் ஏற்கப்படலாகா. சினங்கொண்டமைக்காகப் பிள்ளையைத் தண்டித்தல் வேண்டாம். கல்லெறிந்தாற் கையைப் பிடித்து நிறுத்துதல் வேண்டும். இவ்வேறுபாடு ஆசிரியர்க்குத் தெளிவாயிருந்தாலன்றிப் பிள்ளைக்குத் தெளிவாகாது.

இரண்டாவது, விளையாட்டை விசாரணையாக மாற்றலாகாது. சிரட்டையிற் பேசிய சிறுவனிடம் நாம் அன்று எதுவும் கேட்கவில்லை. அறிவு வந்து தடுத்தது என்பதிலும், என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றோம் என்பதே உண்மை. மறுநாள் இடைவேளையில் நாமும் மணலில் அமர்ந்து, வேறொரு சிரட்டையை எடுத்து எம் தாயாரோடு பேசுவதாகப் பாவனை செய்தோம். "கொஞ்சம் கவலையாக்கிடக்கு அம்மா" என்றோம். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நாலைந்து நாட்களின் பின், தன் சிரட்டையை எம்மிடம் நீட்டி, "சேர், உங்களுக்குத்தான் கோல்" என்றான். அவன் எம்மோடு பேசிய முதற் சொற்கள் அவையே. அத்தவணை முடிவதற்குள் வாசிக்கவும் தொடங்கினான். பிறரைக் கிள்ளுவதும் குறைந்தது.

மூன்றாவது, விளையாட்டிற் பிள்ளை வெளியிட்டதை ஆசிரியர் அறையிலோ பெற்றார் கூட்டத்திலோ நகைச்சுவையாகச் சொல்லலாகாது. புள்ளியிடுதலும் கூடாது.

நான்காவது, விளையாட்டு மருந்தன்று என்பதை மறத்தலாகாது. பிள்ளை ஒரே துன்ப நிகழ்ச்சியைப் பல கிழமைகளாக மாற்றமின்றித் திரும்பத் திரும்ப விளையாடினாலும், விளையாடியபின் ஆறுதல் அடையாது மேலும் கலங்கினாலும், உறக்கமும் உணவும் கெட்டாலும், பேச்சு நெடுங்காலம் நின்றுவிட்டாலும் பெற்றாரோடு கலந்து மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். எம் மாணவன் ஒரு தவணை முழுவதும் பேசாதிருந்தபோது நாம் அதனைச் செய்திருத்தல் வேண்டும். சிரட்டை எம்மைக் காப்பாற்றியது. எல்லார்க்கும் அவ்வாறு வாய்க்கும் என்று கூறமுடியாது.

முடிவுரை

எம் நாட்டிற் பாலரின் துயரை விளையாட்டால் ஆற்ற முயன்றோர் முன்னரே உளர். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1996 இல், மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒருங்கு கூடிக் களிமண்ணாலும் நிறங்களாலும் கதையாலும் விளையாட்டாலும் தம் உள்ளத்தை வெளியிட்டனர். இன்று முதலாந் தரத்திலிருக்கும் பிள்ளைகள் 2009 இற் போர் முடிந்து பல்லாண்டு சென்றபின் பிறந்தவர்கள். ஆனால் அவர்தம் பெற்றாரிற் பலர் போரினுள்ளே பாலராயிருந்தவர்கள். அழுவதற்கும் நேரமின்றி ஓடியவர்கள். அழாதிருத்தலையே வலிமையெனக் கற்ற அவர்கள் அதனையே தம் பிள்ளைகளுக்கும் கற்பிப்பது இயல்பு. அவர்களைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. பாடசாலையில் நாள்தோறும் கால் மணிநேரமாவது அப்பிள்ளைகளுக்கு வேறொன்று கிடைக்கட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் உரிய இடத்தை வகுத்துத் தந்தது. விதி உண்டு, நேரந்தான் இல்லை என்பர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முதலாந் தரத்து வாங்கு வரை நீண்டு, விளையாட்டு நேரத்தை வினாத்தாள் விழுங்கிவருவதைப் பெற்றார் பலர் விரும்பியே பார்த்திருக்கின்றனர்.

பழைய மாணவர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்கின்றோம். ஆண்டுதோறும் பெரும் துடுப்பாட்டப் போட்டியின்போது எமது மைதானத்தில் நாம் காண்பதென்ன? வைத்தியரும் பொறியியலாளரும் வங்கி முகாமையாளரும் துள்ளிக் குதிக்கின்றனர். இறுதி இலக்கு வீழ்ந்தால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கண்ணீர் விடுகின்றனர். அதனை இழுக்கென எவரும் கருதுவதில்லை. விளையாட்டு உங்களுக்கு அவ்வுரிமையைத் தந்தது. அன்று மாலை வீடு திரும்பியதும், உங்கள் ஐந்து வயது மகனோ பேரனோ சிரட்டையோடு மணலிலிருந்தால், அவனருகே சற்று அமருங்கள். அவன் அழுதால், ஆண்பிள்ளை அழலாமா என்று கேளாதீர்கள்.

நாம் கூறிய சிறுவனின் தந்தையார் மூன்று ஆண்டுகளின் பின் நலமே திரும்பினார். அவனும் ஆறாந் தரத்தில் எமது கல்லூரியிற் சேர்ந்து, கற்று, இன்று பழைய மாணவருள் ஒருவனாக இருக்கின்றான். மேல்வகுப்பில் மெய்ப்பாட்டியலையும் எம்மிடமே கற்றான். அழுகையின் நிலைக்களன்கள் நான்கையும் பிழையின்றிச் சொன்னான். சிரட்டையை அவன் நினைவில் வைத்திருக்கின்றானோ அறியோம், கேட்டதில்லை. இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அன்று அவனை அதட்டியமைக்கு எமது வருத்தத்தை இதன்வழியே தெரிவித்துக்கொள்கின்றோம்.